பீரங்கிப் பட்டறையில் செய்த ரயில் எஞ்சின்

யுத்தங்களின் சரித்திரத்தை எழுதுவோர், படை புறப்பட்ட நாளில் தொடங்கி உடன்படிக்கை கையெழுத்தான நாளில் முடிப்பதே வழக்கம். அதற்கு மறுநாட் காலையில், அதுவரை குண்டும் பீரங்கியும் செய்துவந்த தொழிற்சாலையின் வாயிலில் எப்போதும்போல் வந்து நின்ற தொழிலாளிக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது, அல்லது என்ன காரணம் சொல்லி அவன் திருப்பி அனுப்பப்பட்டான் என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. விசாரித்தால் பயன் உண்டு. ஏனெனில், ராணுவச் செலவைக் குறைக்கவேண்டும் என்று எவரேனும் வாய்திறந்த மாத்திரத்தில், அவர் எந்த நாட்டினராயினும், ஆட்சியில் இருப்பது எந்தக் கட்சியாயினும், அவருக்குக் கிடைக்கும் மறுமொழி ஒன்றுதான்: ஆயுதத் தொழிலையே நம்பியிருக்கும் ஆயிரமாயிரம் குடும்பங்களின் கதி என்ன ஆவது? தர்ம நியாயங்களைப் பேசி ஒருவரை மடக்கலாம். சோற்றுப் பிரச்னையைக் காட்டி மடக்குவதோ இன்னும் சுலபம். பிரிட்டனின் ஆயுதத் தொழிலில் இந்தக் கேள்வி இருபதாம் நூற்றாண்டில் மூன்று முறை மிகக் கூர்மையாக எழுந்தது. மூன்று முறையும் அதற்கு விடை சொல்லப்பட்டது. வார்த்தையாக மட்டுமல்லாமல், இரும்பிலும் அலுமினியத்திலும் செய்தே காட்டப்பட்டது. எனினும் ஒரு முறைதான் அவ்விடை பலித்தது. ஏன் ஒரு முறை மட்டும் பலித்தது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள வுலிச், பல தலைமுறைகளாக ராஜாங்கத்தின் ஆயுதச்சாலையாக விளங்கிய இடம். முதல் உலக யுத்தத்தின் உச்சத்தில் அங்கே சுமார் 80,000 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் பெண்கள். 1918 நவம்பரில் பீரங்கிகள் ஓய்ந்தபோது, நேற்றுவரை தேசத்தின் உயிர்நாடி என்று போற்றப்பட்ட இந்த ஜனத்திரள் ஒரே நாளில் வேண்டாத சுமையாகிவிட்டது. தொழிற்சங்கத்தார் வாளாவிருக்கவில்லை. பீரங்கிக் குழாயைக் கடைந்த கடைசல் இயந்திரம் வேறெதையும் கடையும், குண்டு வார்த்த உலையில் வேறெதையும் வார்க்கலாம் என்று சொல்லி, சமாதான காலத்துக்கான வேலையைக் கேட்டார்கள். சர்க்காரும் இணங்கியது. தென்கிழக்கு இங்கிலாந்தின் ரயில்வேயில் தலைமைப் பொறியாளராக இருந்த மான்ஸெல் வகுத்திருந்த வடிவத்தின்படி, 100 ரயில் எஞ்சின்களுக்குரிய பாகங்களைச் செய்யும் வேலை வுலிச்சுக்குக் கொடுக்கப்பட்டது.

வேலை நடந்தது, எஞ்சின்களும் உருவாயின. ஆனால் வாங்குவார் இல்லை. நாட்டின் ரயில்வேக்கள் யாவும் சர்க்காரின் உடைமையாகும், அவற்றுக்கு ஒரே மாதிரியான எஞ்சின்கள் வேண்டியிருக்கும் என்ற எதிர்பார்ப்பில் பிறந்த ஏற்பாடு அது. 1921ஆம் ஆண்டுச் சட்டமோ ரயில்வேக்களை நான்கு பெரிய தனியார் கம்பெனிகளாகத் தொகுத்ததோடு நின்றுவிட்டது. வாங்குபவராக நின்றிருக்க வேண்டிய சர்க்கார் விலகிக்கொள்ளவே, வுலிச் எஞ்சின்கள் ஏலச் சரக்குப்போல் கிடந்து, ஐம்பது தென் ரயில்வேக்கும், வேறு சில அயர்லாந்துக்கும் லண்டன் மெட்ரோபாலிடன் ரயில்வேக்கும் மலிவு விலைக்குப் போயின. ரயில்வே ஊழியர்கள் அவற்றுக்குச் சல்லிசான சாமான் விற்கும் ஒரு பிரபலக் கடையின் பெயரையே கேலியாகச் சூட்டினார்கள். கேலி ஒருபுறம் இருக்க, அந்த எஞ்சின்களில் சில 1960களின் மத்திவரை தளராமல் ஓடின என்பது, பீரங்கித் தொழிலாளரின் கைத்திறனுக்கு அத்தாட்சி. ஆயுதச்சாலையின் ஆட்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1967இல் அங்கிருந்த ஆயுதத் தொழிற்சாலையே மூடப்பட்டது.

இரண்டாம் யுத்தம் முடிந்த வேளையில் நிலைமை வேறு. ஜெர்மானிய விமானங்கள் லட்சக்கணக்கான வீடுகளை இடித்துத் தள்ளியிருந்தன. போர்முனையிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்குத் தங்க இடமில்லை. விமானத் தொழிற்சாலைகளிலோ வேலை ஓய்ந்துகொண்டிருந்தது. சுட்டு வீழ்த்தப்பட்டும் தேய்ந்தும் போன விமானங்களின் அலுமினியம் மலைமலையாகக் குவிந்திருந்தது. இந்த நான்கையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் புத்தி யாரோ சிலருக்கு இருந்தது. விமானத் தொழில் நிறுவனங்கள் கூடி அலுமினியத்தாலான ஒரு சிறு வீட்டை வடிவமைத்தன. பிரிஸ்டல் விமானக் கம்பெனியின் வெஸ்டன் தொழிற்சாலையிலும், பிளாக்பூல், செஸ்டர், க்ளாஸ்டர் முதலிய ஊர்களிலும், ஸ்காட்லாந்தில் டம்பார்டனிலும் அவை தயாராயின. வீடு நான்கு துண்டுகளாகத் தொழிற்சாலையிலிருந்து புறப்படும். ஒவ்வொரு துண்டிலும் சுவர், தளம், கூரை மட்டுமன்றி, மின்கம்பி, தண்ணீர்க் குழாய், அடுப்பு, அலமாரி, குளிர்சாதனப் பெட்டிவரை முன்கூட்டியே பொருத்தப்பட்டிருக்கும். லாரி ஒன்றுக்கு ஒரு துண்டாக ஏற்றிச் சென்று, தயாராக அமைத்த அடித்தளத்தின்மேல் இறக்கி, நான்கையும் இணைத்துத் திருகினால் வீடு ஆயிற்று. குளிர்சாதனப் பெட்டி என்பது அந்நாளில் இங்கிலாந்தின் மத்தியதர வர்க்கத்தார் பலருக்கே எட்டாத வஸ்து. குண்டு விழுந்து வீடிழந்த ஏழைத் தொழிலாளியின் மனைவிக்கு அது சர்க்கார் வீட்டில் கிடைத்தது.

இவ்விதம் 54,000க்கு மேற்பட்ட அலுமினிய வீடுகள் விமானத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்தன. மற்றவகைத் தற்காலிக வீடுகளையும் சேர்த்தால் தொகை 1,56,000ஐத் தாண்டும். அலுமினிய வீட்டுக்கு அடக்கவிலை அதிகமாயிற்று என்பதையும், செங்கல் வீடு கட்டுவதே லாபம் என்று கணக்கர்கள் முணுமுணுத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பத்தாண்டு இருந்தால் போதும் என்று கட்டப்பட்ட அந்த வீடுகளில் சில, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் குடியிருப்போரின் அன்பைப் பெற்றிருந்தன என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். வுலிச்சில் தோற்ற காரியம் இங்கே வென்றதற்குக் காரணம் விமானத் தொழிலாளி பீரங்கித் தொழிலாளியைவிடச் சமர்த்தன் என்பதல்ல. இத்தனை வீடுகளை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சர்க்கார் முன்கூட்டியே எழுதிக்கொடுத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். போர் விமானத்தைச் சர்க்கார் எப்படி வாங்கியதோ, அப்படியே வீட்டையும் வாங்கிற்று.

அந்தப் புத்தி நெடுநாள் நிலைக்கவில்லை. கொரியாவில் யுத்தம் மூண்டது; ருஷ்யாவோடு பனிப்போர் கடுமையாயிற்று; பிரிட்டன் மீண்டும் ஆயுதம் குவிக்கத் தொடங்கியது. அதுவரை யுத்தம் வந்தால் பெருகி, யுத்தம் ஓய்ந்தால் வற்றிப்போவதாயிருந்த ஆயுதத் தொழில், சமாதான காலத்திலும் வற்றாத நிரந்தரத் தொழிலாக மாறியது இக்காலத்தில்தான். இவ்வாறு கால் நூற்றாண்டு சென்றபின், 1974இல் ஹரால்ட் வில்ஸனின் தலைமையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, ராணுவச் செலவைக் குறைப்போம் என்று தேர்தலில் வாக்குறுதி அளித்திருந்தது. ஆயுதத் தொழிலாளருக்கு இது பெரிய தர்மசங்கடம். அவர்கள் ஓட்டளித்த கட்சி அது. சங்க மாநாடுகளில் ஆயுதக் குறைப்புத் தீர்மானங்களுக்குக் கை தூக்கியவர்களும் அவர்களே. அத்தீர்மானம் நிறைவேறினால் முதலில் வேலை இழப்பவர்களும் அவர்களே.

இந்தச் சங்கடத்திலிருந்து எழுந்ததுதான் மூன்றாவது முயற்சி. மூன்றிலும் இதுவே அபூர்வமானது. ஆகையால் இதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும்.

பர்மிங்ஹாம் நகரில் சைக்கிள் விளக்கும் கப்பல் விளக்கும் விற்றுத் தொடங்கிய லூகாஸ் என்னும் கம்பெனி, மோட்டார் வண்டிகளின் மின்சாதனங்களால் பெருஞ்செல்வம் ஈட்டி, பிறகு விமானத் துறையிலும் இறங்கி, சிறு நிறுவனங்கள் பலவற்றை விழுங்கி வளர்ந்தது. லூகாஸ் ஏரோஸ்பேஸ் என்ற அதன் விமானப் பிரிவுக்குப் பர்மிங்ஹாம், பர்ன்லி, வுல்வர்ஹாம்ப்டன், லிவர்பூல், லண்டனின் வில்ஸ்டன் முதலிய பல இடங்களில் தொழிற்சாலைகள் இருந்தன. விமானத்தினுள் மின்சாரம் உண்டாக்கும் கருவிகள், எஞ்சினுக்குச் செல்லும் எண்ணெயின் அளவைக் கட்டுப்படுத்தும் கருவிகள் போன்ற நுட்பமான சாமான்களே அங்குச் செய்யப்பட்டன. ஏறத்தாழப் பாதி வேலை ராணுவத்துக்கானது. 1970இல் 18,000ஆக இருந்த தொழிலாளர் தொகை, நாலைந்து ஆண்டுகளில் 13,000க்கு இறங்கியது. ஓர் ஊரில் ஆட்குறைப்பு நடக்கையில் மற்றோர் ஊரிலுள்ளவர்கள் தம் தலை தப்பியது என்றிருந்தால், எல்லோர் தலையும் ஒவ்வொன்றாக உருளும் என்று கண்டுகொண்ட சங்கப் பிரதிநிதிகள், அதாவது பட்டறைக்குப் பட்டறை தொழிலாளரே தேர்ந்தெடுக்கும் ஷாப் ஸ்டூவர்டுகள், ஊர் பேதமும் சங்க பேதமும் இன்றி ஒரு கூட்டுக்குழு அமைத்தார்கள். கடைசல்காரரும், ஃபிட்டரும், வரைபடக்காரரும், பட்டம் பெற்ற டிசைன் பொறியாளரும் அதில் சமமாக உட்கார்ந்தார்கள். கைவேலைக்காரர் ஒரு பந்தியிலும் மூளைவேலைக்காரர் மறு பந்தியிலும் அமரும் பிரிட்டிஷ் சம்பிரதாயத்தில் இது ஒரு சிறிய புரட்சியே.

1974 நவம்பரில் இக்குழுவினர் கைத்தொழில் மந்திரியாயிருந்த டோனி பென்னைச் சந்தித்தனர். லூகாஸைத் தேசவுடைமையாக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதற்குத் தமக்கு அதிகாரமில்லை என்று சொன்ன மந்திரி, ராணுவ வேலை குறைந்தால் நீங்கள் வேறென்ன செய்வீர்கள் என்று ஒரு திட்டம் தயாரித்துக்கொண்டு வாருங்களேன் என்றார். மந்திரிகள் தட்டிக்கழிக்க விரும்பும்போது இப்படிச் சொல்வதுண்டு. பென் மனப்பூர்வமாகவே சொன்னார் என்பது என் அபிப்பிராயம். எப்படியாயினும், இவர்கள் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் அவர்கள் செய்தது, படித்தவர்களை நாடியது. எங்களிடம் இன்னின்ன இயந்திரங்கள் இருக்கின்றன, இன்னின்ன திறமைகள் இருக்கின்றன, இவற்றைக்கொண்டு சமூகத்துக்கு உபயோகமான எதைச் செய்யலாம் என்று கேட்டு, சர்வகலாசாலைகள், ஆராய்ச்சி நிலையங்கள், சங்கங்கள், நிபுணர்கள் என்று சுமார் 180 விலாசங்களுக்கு 1975 ஆரம்பத்தில் கடிதம் அனுப்பினார்கள். உருப்படியான பதில் எழுதியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். லண்டன் குயீன் மேரி கல்லூரியின் மெரிடித் த்ரிங், வடகிழக்கு லண்டன் பாலிடெக்னிக்கின் ரிச்சர்ட் ஃப்ளெட்சர், திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தின் டேவிட் எலியட் ஆகியோர் அந்தச் சிலரைச் சேர்ந்தவர்கள். சமூகத்தைப் பற்றிச் சதா கவலை தெரிவித்துவந்த மற்றப் பெரியோர்களுக்கு, தொழிலாளியிடமிருந்து வந்த கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை போலும்.

பிறகே அவர்கள் முதலிலேயே கேட்டிருக்கவேண்டியவர்களைக் கேட்டார்கள்: தங்கள் தொழிலாளரை. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு வினாத்தாள் போயிற்று. உங்கள் பட்டறையில் என்ன இயந்திரங்கள் உண்டு, யார் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று தொடங்கிய அந்த வினாத்தாள், நீங்கள் எதைச் செய்யவேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்ற கேள்வியில் போய் முடிந்தது. முப்பது ஆண்டு உழைத்த மனிதனை அதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை. தொழிலாளி, பொருளை உற்பத்தி செய்பவன் மட்டுமல்லவே; மாலையில் வீடு திரும்பியபின் அவனும் பொருள்களை உபயோகிப்பவன்; மூட்டுவலிக்காரத் தாய்க்கு மகன், ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தைக்குத் தகப்பன். அந்த நோக்கிலிருந்தும் யோசித்து எழுதுங்கள் என்று குழு கேட்டுக்கொண்டது. யோசனைகள் வந்து குவிந்தன. அவற்றைச் சலித்து, சுமார் 150 பொருள்களுக்கான திட்டமாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருநூறு பக்கம் கொண்ட ஆறு தொகுதிகளில், 1976 ஜனவரியில் வெளியிட்டார்கள்.

அத்தொகுதிகளில் கண்ட சில பொருள்களைச் சொன்னால், அந்த மனிதர்களின் மனப்போக்கு விளங்கும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு உயிர்காக்கும் டயாலிசிஸ் இயந்திரங்களை லூகாஸ் முன்பே சிறிய அளவில் செய்துவந்தது. அதைக் கைகழுவிவிட நிர்வாகம் எண்ணியிருக்க, அதைப் பெருக்கி, வீட்டிலேயே வைத்துக்கொள்ளத்தக்கதாகச் செய்யவேண்டும் என்றது திட்டம். மாரடைப்பு வந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் வழியில் காப்பாற்ற ஆம்புலன்ஸில் வைக்கும் கருவி ஒன்று அதில் இருந்தது. சுரங்கத்திலும் கடலடியிலும் ஆள் இறங்காமல், மேலிருந்தே தன் கையின் லாகவத்தைத் தொலைவிலுள்ள இயந்திரக் கைக்கு அனுப்பி வேலை செய்யும் ஏற்பாடு இருந்தது. தானியங்கி இயந்திரம் தொழிலாளியின் திறமையைப் பறித்துக்கொள்கிறது. இதுவோ அவன் உயிரைக் காத்துத் திறமையை அவனிடமே விட்டுவைக்கிறது என்று அவர்கள் வேறுபடுத்திக் காட்டினார்கள்.

மோட்டார் வண்டிக்கு அவர்கள் சொன்ன யோசனையைக் கவனியுங்கள். நகரத்துத் தெருவில் ஓடும் வண்டியின் எஞ்சின், நிற்பதும் புறப்படுவதும், வேகம் கூடுவதும் குறைவதுமாக இருக்கையில்தான் எண்ணெயை அதிகம் விழுங்குகிறது, புகையையும் அதிகம் கக்குகிறது. ஆகவே சிறிய எஞ்சின் ஒன்றை மாறாத வேகத்தில் ஓடவிட்டு, அதனால் பாட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டே இருந்து, சக்கரங்களை மின்மோட்டாரால் சுழலச் செய்தால், எண்ணெய்ச் செலவு ஏறத்தாழப் பாதியாகும், நச்சுப்புகை பெரும்பாலும் நீங்கும் என்று கணக்கிட்டார்கள். ஹைப்ரிட் கார் என்று இன்று விற்பனையாகும் வண்டி இதன் இனந்தான்; ஜப்பானின் டொயோட்டா அதை 1997இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. காற்றாலைகள், சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவிகள், வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புகள் ஆகியவையும் பட்டியலில் இருந்தன. பூமி சூடேறுவதைப் பற்றி அந்நாளில் பாமரர் எவரும் பேசவில்லை; பேசப்பட்டதெல்லாம் 1973இல் பெட்ரோல் விலை ஏறிய கதைதான். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கக் காசில்லாமல் கிழவர்களும் கிழவிகளும் விறைத்து மடிகிற அதே நாட்டில், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்டு விமானத்துக்குத் தாங்கள் பாகம் செய்துகொண்டிருக்கிறோம் என்பது இத்தொழிலாளரை உறுத்தியது. ஹீட் பம்பு அந்த உறுத்தலில் பிறந்த யோசனை.

ஏழை நாடுகளையும் அவர்கள் மறக்கவில்லை. ஒரே எஞ்சினைக்கொண்டு பகலில் நீர் இறைக்கவும், இரவில் விளக்கெரிக்கவும், வேண்டும்போது காற்றழுத்தக் கருவிகளை ஓட்டவும் தக்கதாய், நீண்டகாலம் உழைக்கக்கூடியதாய், உள்ளூர்க்காரரே பழுதுபார்க்கக்கூடியதாய் ஒரு பொதுச் சாதனத்தை அவர்கள் வகுத்தார்கள். நம் ஊரில் பம்புசெட்டு மெக்கானிக்கைத் தேடி நடந்த விவசாயி எவருக்கும் இதன் அருமை புரியும். அக்காலத்து இங்கிலாந்தில் இத்தகைய யோசனைகளுக்குக் காற்று அனுகூலமாக வீசியதற்கு, 1973இல் வெளியான ஷூமாகரின் சிறியதே அழகு என்ற பொருள்படும் நூல் ஒரு காரணம். அந்நூலில் பௌத்தப் பொருளாதாரம் பற்றிய அத்தியாயத்தில் ஷூமாகர் துணைக்கழைப்பது தஞ்சாவூரில் பிறந்த நம் ஜே.சி. குமரப்பாவை என்பதைத் தமிழர்களில் பலர் அறியார்.

திட்டத்துக்கு முன்பே நடந்த ஒரு சம்பவம் எல்லாவற்றையும்விட விளக்கமானது. முதுகுத்தண்டு பிறவியிலேயே சரியாக மூடாத குழந்தைகள் நடக்க இயலாமல் தரையில் தவழ்ந்து கிடப்பதைக் கண்டு, வுல்வர்ஹாம்ப்டன் தொழிலாளர்கள் அவர்களுக்காக ஒரு சிறு வண்டியை உருவாக்கினார்கள். உட்கார்ந்தபடியே குழந்தை தன் கைகளால் அதைத் தானாக ஓட்டிச் செல்லலாம். ஒரு குழந்தையின் உடலமைப்பை நேரில் பார்த்து அதற்கேற்ப இருக்கையைப் பொருத்திக் கொடுத்த வடிவமைப்பாளர், அந்தக் குழந்தை முதன்முதலில் தானே நகர்ந்தபோது அதன் முகத்தில் கண்ட ஆனந்தம் தம் உத்தியோக வாழ்விலேயே பெற்ற பெரும்பேறு என்று தோழர்களிடம் சொன்னாராம். அவர் அதுவரை செய்த கருவிகளை யார் உபயோகித்தார்கள், யார்மேல் உபயோகித்தார்கள் என்று அவருக்குத் தெரியவந்ததே இல்லை. ஆஸ்திரேலியாவில் இக்குழந்தைகளுக்கான சங்கம் இரண்டாயிரம் வண்டிகள் வாங்க முன்வந்தது. கம்பெனி மறுத்துவிட்டது, தன் தொழில்வகையோடு இது பொருந்தாது என்பது காரணம்.

திட்டத்துக்கும் அதே கதிதான் நேர்ந்தது. சில மாதங்கள் யோசித்தபின், தன் பழைய தொழிலிலேயே கவனம் செலுத்தப்போவதாக நிர்வாகம் பதில் எழுதியது. இந்தப் பொருள்களால் லாபம் வராது என்பது மட்டும் அதன் எண்ணமாயிருந்தால் அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் குழுவின் முன்னணியில் நின்ற மைக் கூலி என்ற அயர்லாந்துக்காரர் பின்னர் எழுதியிருப்பதைப் பார்த்தால் விஷயம் வேறாகத் தோன்றுகிறது: ஹீட் பம்புகளுக்கு நூறு கோடி பவுன் அளவுக்குச் சந்தை உண்டு என்று கம்பெனியே வரவழைத்த ஆலோசகர்களின் அறிக்கை சொல்லியிருந்தும், அதைச் செய்யத் துணிவதைக் காட்டிலும் சந்தையை இழப்பதே மேல் என்று நிர்வாகம் இருந்துவிட்டதாம். எதைச் செய்வது என்று தீர்மானிப்பது முதலாளியின் உரிமை. அந்த உரிமையில் தொழிலாளி கைவைக்க ஒருமுறை இடங்கொடுத்தால் அதற்கு முடிவேது? நஷ்டத்தைவிட இந்த அச்சமே பெரிது என்று நான் நினைக்கிறேன்.

தொழிற்சங்கப் பெருந்தலைவர்களின் நடத்தையும் மெச்சத்தக்கதாய் இல்லை. சங்கங்களின் எல்லைக்கோடுகளைத் தாண்டி அமைந்த இந்தக் கூட்டுக்குழு, அவர்கள் சட்டப் புத்தகத்தில் இல்லாத பிராணி. பேசவேண்டுமானால் எங்கள் சம்மேளனத்தின் வழியாகப் பேசட்டும் என்றார்கள் அவர்கள். நிர்வாகமும் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டது. சர்க்காரோ, இது கம்பெனியும் சங்கங்களும் தமக்குள் தீர்த்துக்கொள்ளவேண்டியது என்று கைவிரித்தது. திட்டம் தயாரிக்கச் சொன்ன பென், அது தயாராவதற்கு முன்பே, 1975 ஜூனில், எரிசக்தி இலாகாவுக்கு மாற்றப்பட்டுவிட்டார். ஐந்தாறு கதவுகளைத் தட்டியும் ஒன்றும் திறக்கவில்லை. தொழிலாளர் கட்சியின் ஆட்சி, தொழிலாளர் சம்மேளனம், தொழிலாளரின் திட்டம். மூன்றும் ஒரே பெயரைச் சூடிக்கொண்டிருந்தும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

ஆயினும் அவர்கள் காகிதத்தோடு நின்றுவிடவில்லை. திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தாரின் உதவியோடு ஹீட் பம்பின் மாதிரி ஒன்று செய்யப்பட்டது. சாலையிலும் தண்டவாளத்திலும் மாறிமாறி ஓடவல்ல பேருந்து ஒன்றை ஃப்ளெட்சரின் பாலிடெக்னிக்கில் உருவாக்கி, ஊர் ஊராகக் கொண்டுசென்று ஓட்டிக்காட்டினார்கள். ரப்பர்ச் சக்கரங்களின் பிடிப்பினால் அது செங்குத்தான ஏற்றங்களிலும் ஏறவல்லது. ஆகையால் மலையைக் குடையாமல், பள்ளத்தைத் தூர்க்காமல், நிலத்தின் போக்கிலேயே மலிவாகத் தண்டவாளம் போடலாம் என்பது அதன் அனுகூலம். 1979இல் குழுவின் பெயர் நோபல் சமாதானப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1981இல் மைக் கூலிக்கு மாற்று நோபல் பரிசு என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் லூகாஸ் அவரை வேலையைவிட்டு நீக்கியது. அவர் லண்டன் மாநகரக் கவுன்சிலின் தொழில் வளர்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களைச் சாமானிய ஜனங்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாடுகளைச் செய்தார். 1986இல் தாட்சர் சர்க்கார் அந்தக் கவுன்சிலையே கலைத்துவிட்டது. லூகாஸ் ஏரோஸ்பேஸ் பிற்காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகளின் கையில் மாறிமாறிச் சென்றது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1980களில், அணுகுண்டு தாங்கிய ட்ரைடன்ட் நீர்மூழ்கிகளைக் கட்டத் தயாரான பாரோ என்னும் வட இங்கிலாந்துத் துறைமுக ஊரில், தொழிற்சங்கத்தார் சிலர் லூகாஸ்காரர்களைப் பின்பற்றி, கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுப்பது முதலிய மாற்று வேலைகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். நீர்மூழ்கியே வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லப்பட்டு அவை ஒதுக்கப்பட்டன. பனிப்போர் முடிந்தது, சுமார் 14,000 பேர் வேலை செய்த அந்தக் கப்பல் தளத்தில் சில ஆண்டுகளில் பாதிப்பேர்கூட மிஞ்சவில்லை.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது, திட்டம் தயாரித்தவர்களிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பட்டியலில் சில பொருள்கள் ஆய்வுக்கூடத்தைத் தாண்டியிரா. நோயாளிகளையும் கிழவர்களையும் அவர்கள் இன்னும் அதிகம் கலந்திருக்கலாம். மந்திரி ஒருவரின் வாக்கை அளவுக்குமேல் நம்பினார்கள். ஆனால் போர் விமானங்களும் நீர்மூழ்கிகளும்கூட எத்தனையோ முறை கணக்கு மீறிச் செலவாகி, காலம் கடந்து வந்து, சில சமயம் வராமலே போயிருக்கின்றன. அவற்றை எவரும் சந்தையில் விற்றுக் காட்டு என்று கேட்பதில்லை. அவற்றுக்கு வாங்குபவர் ஒருவர் நிச்சயமாக இருக்கிறார், அவர் சர்க்கார், பணம் வரி கொடுப்பவருடையது. டயாலிசிஸ் இயந்திரத்துக்கும் குழந்தை வண்டிக்கும் அதே வாங்குபவர் அதே தாராளத்தோடு நின்றிருந்தால், லாப நஷ்டப் பேச்சு எழுந்தே இராது. 1945இன் அலுமினிய வீடும் 1976இன் ஹீட் பம்பும் வேறுபடுவது இந்த ஓரிடத்தில்தான்.

உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்ட தொகை, ஸ்டாக்ஹோம் சமாதான ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, 2024இல் 2,71,800 கோடி டாலர். அதே ஆண்டு அஸர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில், புயலும் வெள்ளமும் வறட்சியும் தாக்கும் ஏழை நாடுகளுக்காக 2035க்குள் ஆண்டுதோறும் திரட்ட ஒப்புக்கொள்ளப்பட்ட தொகை 30,000 கோடி டாலர். அதற்கே விடிய விடிய வாக்குவாதம் நடந்தது. படைகள் வெளியிடும் கரிப்புகை எவ்வளவு என்பதை ராஜ்யங்கள் முழுமையாகச் சொல்வதே இல்லை. 1997ஆம் ஆண்டு கியோட்டோ உடன்படிக்கையில், அமெரிக்காவின் வற்புறுத்தலால், அதில் பெரும்பகுதி கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. 2015இன் பாரிஸ் உடன்படிக்கை அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. உலகின் மொத்தக் கரிப்புகையில் ராணுவங்களின் பங்கு ஏறத்தாழ 5.5 சதவிகிதம் என்று 2022இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது.

2020ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார், 2028 அளவில் ஆண்டுக்கு 6 லட்சம் ஹீட் பம்புகள் வீடுகளில் பொருத்தப்பட வேண்டும் என்று இலக்கு வகுத்தது. மைக் கூலி அதற்கு இரண்டு மாதம் முன்பு காலமாகியிருந்தார். 2025 பிப்ரவரியில் அதே நாட்டின் தொழிற்கட்சிப் பிரதமர், ராணுவச் செலவை 2027க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவிகிதமாக உயர்த்துவதாகவும், அதற்காக ஏழை நாடுகளுக்கான உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவிகிதத்திலிருந்து 0.3ஆகக் குறைப்பதாகவும் அறிவித்தார். இதனால் நாட்டில் வேலைவாய்ப்புப் பெருகும் என்பதும் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. இந்த வாதம் எந்த நாட்டில் எழுந்தாலும், அதை ஒப்புக்கொள்வதற்கு முன், அந்தத் தொழிற்சாலைகளில் உள்ளவர்களிடம் அவர்கள் வேறென்ன செய்ய விரும்புகிறார்கள் என்று எவரேனும் கேட்டார்களா என்பதையும், கேட்டிருந்தால் அவர்கள் செய்வதை வாங்கிக்கொள்ளச் சர்க்கார் எழுதிக்கொடுத்ததா என்பதையும் வாசகர்கள் விசாரிக்க வேண்டும்.